குறைந்த செலவில் வீட்டுக் கணினி: முதன்முறையாக அசெம்பிள் செய்பவர்களுக்கு

"ஐ7 கம்ப்யூட்டர், மானிட்டரோடு சேர்த்து மலிவு விலை" என்று ஒரு செட் எல்லா ஊரிலும் விற்கிறது. பக்கக் கதவைக் கழற்றிப் பார்த்தால் பல சமயம் உள்ளே இருப்பது ஐ7-2600. அது 2011இல் வந்த பிராசசர். அதோடு வரும் எச்61 மதர்போர்டும், அதாவது எல்லாப் பாகங்களும் மாட்டும் பலகையும், அதே காலத்துச் சிப்செட்தான். போர்டைப் புதிதாக அச்சடித்து அட்டைப் பெட்டியில் போட்டு இன்னமும் விற்கிறார்கள். 2022இல் வந்த ஐ3-12100க்கும் அந்தப் பழைய ஐ7க்கும் ஒரே எண்ணிக்கைதான், 4 கோர் (கணக்கிடும் பகுதி), 8 த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை வரிசை). ஆனால் வேகத்தில் ஐ3 வெகுதூரம் முன்னால் நிற்கிறது. ஆகவே 3, 5, 7 என்ற எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். அதற்குப் பின்னால் கோடு போட்டு வரும் எண்ணைப் பாருங்கள். 2600 என்றால் இரண்டாம் தலைமுறை, 12100 என்றால் பன்னிரண்டாம் தலைமுறை.

இதைச் சொல்ல இன்னொரு காரணமும் உண்டு. விண்டோஸ் 10க்கான இலவசப் பாதுகாப்பு அப்டேட்டுகளை 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் பொதுவாக நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 இன்டெலில் எட்டாம் தலைமுறைக்குக் கீழே உள்ளவற்றைப் பெரும்பாலும் முறைப்படி ஏற்காது. மலிவு என்று வாங்கிய அந்த ஐ7 முதல் நாளிலேயே காலாவதியானது என்றுதான் சொல்ல வேண்டும்.

அதே பணத்தோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் நீங்களே நல்ல கணினி ஒன்றை அசெம்பிள் செய்துவிடலாம். சாலிடரிங் வேலை எதுவும் கிடையாது. ஒரு ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர் போதும். தெரிந்துகொள்ள வேண்டியது முக்கியமாக ஒன்றுதான்: தேவையில்லாததை வாங்காமல் விட்டுத்தான் பணத்தை மிச்சம் பிடிக்க வேண்டும். தேவையானதை மட்டமாக வாங்கி மிச்சம் பிடிக்கக் கூடாது. இந்தக் கட்டுரை முழுக்க அதை வைத்துத்தான் எழுதியிருக்கிறேன்.

என்ன வாங்குவது

பிள்ளைகளின் படிப்பு, ஆன்லைன் வகுப்பு, எக்செல், டேலி, கொஞ்சம் புரோகிராமிங், யூடியூப், எப்போதாவது ஒரு கேம். பெரும்பாலான வீடுகளில் கணினிக்கு இவ்வளவுதான் வேலை. இதற்குத் தனியாகக் கிராபிக்ஸ் கார்டு வேண்டாம். கணினியிலேயே அதிகம் விலை போகக்கூடிய பொருள் அது. அதை விட்டாலே பட்ஜெட் பாதி சரியாகிவிடும்.

கிராபிக்ஸ் கார்டு இல்லையென்றால் பிராசசருக்குள்ளேயே கிராபிக்ஸ் இருக்க வேண்டும். புதியவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இது. ஏஎம்டியில் ரைசன் 5 5600ஜி வாங்கினால் கிராபிக்ஸ் உண்டு. கடைசி எழுத்தான ஜி இல்லாமல் வெறும் 5600 என்றால் கிடையாது. 5500ஜிடி என்றால் உண்டு, வெறும் 5500 என்றால் இல்லை. இன்டெலில் இது தலைகீழ்: 12100 என்றால் உண்டு, 12100எஃப் என்றால் இல்லை. ஓர் எழுத்து தவறினால் எல்லாவற்றையும் மாட்டி முடித்த பிறகு திரை கறுப்பாகவே இருக்கும். பில் போடும் முன்பு அந்த எழுத்தை உங்கள் கண்ணால் பாருங்கள்.

நான் இங்கே 5600ஜியை வைத்தே சொல்லிக்கொண்டு போகிறேன். 6 கோர், 12 த்ரெட், 65 வாட், உள்ளே வேகா கிராபிக்ஸ். பெட்டியிலேயே கூலரும் வருகிறது. 2021இல் வந்ததுதான், ஆனாலும் வீட்டு வேலைக்கு இது தாராளம். வேலரன்ட், மைன்கிராஃப்ட் போன்றவை செட்டிங்ஸைக் குறைத்து வைத்தால் நன்றாகவே ஓடும். கடையில் இது தீர்ந்திருந்தால் 5600ஜிடியோ 5500ஜிடியோ வாங்கலாம். கீழே சொல்லும் முறையில் எதுவும் மாறாது.

இவை உட்காரும் சாக்கெட்டின் பெயர் ஏஎம்4. இதற்கு அடுத்ததான ஏஎம்5 2022இல் வந்துவிட்டது. எதிர்காலத்தில் பிராசசரை மாற்ற வேண்டும் என்பவர்களுக்கு அதுதான் நல்லது. ஆனால் போர்டு விலையும் கூடும், ரேமும் ஏஎம்4இன் டிடிஆர்4 இல்லாமல் புதிய வகையான டிடிஆர்5 ஆகத்தான் இருக்க வேண்டும். கையில் அளவாகப் பணம் இருப்பவர்களுக்கு ஏஎம்4தான் என் யோசனை.

மதர்போர்டில் ஏ520 சிப்செட் போதும். பி550 வாங்கினால் பல போர்டுகளில் ரேமுக்கு நான்கு இடம், எஸ்எஸ்டியை நேராகப் போர்டில் செருகும் எம்.2 இடம் இன்னொன்று என்று வசதிகள் கூடும். விலை வித்தியாசம் சிறியதாக இருந்தால் வாங்குங்கள். "இதில் ஜென் 4 எஸ்எஸ்டி போடலாம் சார்" என்று கடைக்காரர் சொன்னால் அதற்காக மட்டும் வாங்க வேண்டாம். ஜென் என்பது இணைப்பின் தலைமுறை; 5600ஜி ஜென் 3 வேகத்தைத்தான் தரும், ஆகவே போர்டில் வசதி இருந்தாலும் பயனில்லை. பழைய ஸ்டாக் போர்டுகளில் பயாஸ் (கணினி தொடங்கும்போது முதலில் ஓடும், போர்டிலேயே பதிந்த மென்பொருள்) பழையதாக இருந்து 5600ஜியை அடையாளம் காணாமல் போகலாம். பெட்டியின் மேல் ரைசன் 5000க்குத் தயார் என்ற ஸ்டிக்கர் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் கடையிலேயே அப்டேட் செய்து தரச் சொல்லுங்கள். இன்னும் ஒன்று, மலிவான போர்டுகளில் வைஃபை இருக்காது. ரவுட்டர் பக்கத்தில் இல்லை என்றால் ஒரு யுஎஸ்பி வைஃபை அடாப்டரையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ரேமில் 16 ஜிபி ஒரே குச்சியாக வேண்டாம், 8 ஜிபி இரண்டாக வாங்குங்கள். கிராபிக்ஸ் பிராசசருக்குள் இருப்பதால் அதற்கென்று தனி நினைவகம் கிடையாது. ரேமிலிருந்துதான் எடுத்துக்கொள்ளும். இரண்டு குச்சி இருந்தால் இரண்டு பாதையில் தரவு போகும், கேம் ஆடும்போது அந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். 2025 கடைசியிலிருந்து ஏஐ தரவு மையங்களின் தேவையால் ரேம் விலை எக்கச்சக்கமாக ஏறியது. நான் இங்கே விலைப்பட்டியல் போடாததற்கு அதுவே காரணம், இன்று எழுதும் விலை அடுத்த மாதம் செல்லாது. பணம் பற்றவில்லை என்றால் இப்போதைக்கு ஒரு 8 ஜிபி குச்சி வாங்கிக்கொண்டு, அதே மாடலில் இன்னொன்றைப் பிறகு சேருங்கள்.

எஸ்எஸ்டி 500 ஜிபி, வேகமான என்விஎம்இ வகை. எம்.2 வடிவத்திலேயே அதைவிட மெதுவான சாட்டா வகையும் வருகிறது, பார்க்க இரண்டும் ஒன்றுபோல இருக்கும். தங்க நிறப் பல்வரிசையைப் பாருங்கள். ஒரு வெட்டு இருந்தால் என்விஎம்இ, இரண்டு வெட்டு இருந்தால் பெரும்பாலும் சாட்டா. பழைய கணினியின் ஹார்ட் டிஸ்க் நல்ல நிலையில் இருந்தால் படங்கள், பாட்டுகள் வைத்துக்கொள்ள அதையே மாட்டலாம். ஆனால் விண்டோஸை ஹார்ட் டிஸ்க்கில் போடாதீர்கள். எவ்வளவு நல்ல பிராசசர் இருந்தாலும் காத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

இனி எஸ்எம்பிஎஸ், அதாவது சுவர் மின்சாரத்தைக் கணினிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பெட்டி. இதைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே பேச வேண்டும். பட்ஜெட் இடித்தால் எல்லோரும் முதலில் கை வைப்பது இதில்தான். "கேபினட்டோடயே எஸ்எம்பிஎஸ் வருதுங்க" என்பார்கள். கையில் தூக்கிப் பாருங்கள், லேசாக இருக்கும். மேலே 450 வாட் என்று ஒட்டியிருக்கும், உள்ளே அதற்கான சரக்கு இருக்காது. நம் கணினி முழு மூச்சில் வேலை செய்யும்போதுகூட 150 வாட்டைத் தாண்டுவது அரிது, அப்புறம் எதற்கு நல்லது என்று கேட்கலாம். எஸ்எம்பிஎஸ்ஸின் வேலை வாட் கொடுப்பதோடு முடிவதில்லை. நம் ஊர் லைனில் வோல்டேஜ் ஏறும், இறங்கும், மழைக்காலத்தில் ஒரு நிமிடத்துக்குள் இரண்டு முறை போய் வரும். அத்தனையையும் தாங்கி உள்ளே 12 வோல்ட்டை ஆடாமல் கொடுக்க வேண்டும். நிலைமை கைமீறினால் தானாக அணைந்துகொள்ளவும் வேண்டும். மட்டமான எஸ்எம்பிஎஸ் சாகும்போது போர்டையும் கூட்டிக்கொண்டு போகும். பெயர் தெரிந்த நிறுவனத்தின் 450 வாட், 80 பிளஸ் பிரான்ஸ் முத்திரை உள்ள ஒன்றை வாங்குங்கள். பாதிச் சுமையில் குறைந்தது 85 சதவீதத் திறன் என்பது அந்த முத்திரையின் அளவுகோல்களில் ஒன்று. வாரண்டி மூன்று வருடத்துக்குக் குறையாமல் இருக்கட்டும். பிற்பாடு ஒரு கிராபிக்ஸ் கார்டு போட்டாலும் இதுவே தாங்கும்.

கேபினட்டில் கண்ணாடியும் கலர் விளக்கும் வேண்டாம். முன்பக்கம் காற்றுப் போக ஜல்லடை இருக்கிறதா, பின்னால் ஒரு ஃபேன் இருக்கிறதா, இவ்வளவு பார்த்தால் போதும். பழைய மானிட்டர் வீட்டில் இருந்தால் அதையே வையுங்கள். அதில் விஜிஏ (பழைய வகைத் திரை இணைப்பு) மட்டும்தான் இருக்கிறது என்றால் விஜிஏ உள்ள போர்டாகத் தேடுங்கள், ஏ520 போர்டுகளில் கிடைக்கும்.

வாங்கும் இடம்

சென்னை என்றால் ரிச்சி தெரு. அண்ணா சாலையிலிருந்து சிந்தாதிரிப்பேட்டைப் பக்கம் உள்ளே போனால் அந்தத் தெருவும் பக்கத்து நரசிங்கபுரம் தெருவும் முழுக்க எலக்ட்ரானிக்ஸ் கடைகள்தான். ஞாயிறு பெரும்பாலும் மூடியிருக்கும். வண்டி நிறுத்த இடம் கிடைப்பது கஷ்டம், மெட்ரோவில் போய் நடப்பது நல்லது. கொழும்பில் இருப்பவர்களுக்கு பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசா, சிங்கப்பூரில் சிம் லிம் ஸ்கொயர், கோலாலம்பூரில் லோ யாட் பிளாசா. இவை எதற்கும் போக முடியாவிட்டால் ஆன்லைன் இருக்கிறது.

கடைக்குப் போகும்போது மாடல் பெயர்களை முழுதாக எழுதிக்கொண்டு போங்கள். "நல்ல போர்டா ஒண்ணு குடுங்க" என்று கேட்டால் அவர்களிடம் தேங்கிக் கிடப்பதுதான் நல்ல போர்டாக வரும். மூன்று கடைகளில் கொட்டேஷன் வாங்குங்கள். "இந்த விலை ஜிஎஸ்டி சேர்த்தா, சேர்க்காமலா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். கணினிப் பாகங்களுக்கு 18 சதவீதம் என்பதால், மலிவாகத் தெரிந்த கொட்டேஷன் கடைசியில் அதிகமாகப் போய்விடும். "பில் வேண்டாம்னா குறைச்சுத் தரேன்" என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். வாரண்டிக்கு அந்தத் தாள்தான் ஆதாரம். ஒவ்வொரு பொருளின் சீரியல் எண்ணும் பில்லில் ஏறியிருக்க வேண்டும். பிராசசர் சில கடைகளில் பெட்டி இல்லாமல் 'ட்ரே' என்று கொஞ்சம் குறைவாகக் கிடைக்கும். அதில் கூலரும் வராது, நிறுவனத்தின் மூன்று வருட வாரண்டியும் கிடைக்காது, கடைக்காரர் சொல்வதுதான் வாரண்டி. பெட்டியோடு வாங்குங்கள்.

மாட்டத் தொடங்கும் முன்

நல்ல வெளிச்சத்தில் ஒரு மேசை. தலைக்கு மேல் ஓடும் ஃபேனை அணைத்துவிடுங்கள், கூலரின் அடியில் உள்ள, சூட்டைக் கடத்தும் பேஸ்டில் தூசு விழக் கூடாது. ஸ்க்ரூக்களைப் போட்டு வைக்கச் சின்னக் கிண்ணங்கள் இரண்டு, மூன்று. நுனியில் காந்தம் உள்ள ஸ்க்ரூ டிரைவர் என்றால் ரொம்ப வசதி.

உடம்பில் சேரும் நிலைமின்சாரம் சிப்பைக் கெடுக்கும். கடலோர ஊர்களின் ஈரக் காற்றில் இந்தத் தொல்லை குறைவு, ஏசி அறையில் கூடுதல். எஸ்எம்பிஎஸ்ஸைச் சுவரில் செருகி, சுவர் ஸ்விட்ச், எஸ்எம்பிஎஸ் பின்னால் உள்ள ஸ்விட்ச் இரண்டையும் ஆஃப் செய்து வையுங்கள். ஸ்விட்ச் ஆஃப் ஆனாலும் எர்த் இணைப்பு அப்படியே இருக்கும். ஒவ்வொரு பாகத்தையும் எடுக்கும் முன் எஸ்எம்பிஎஸ்ஸின் பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியை ஒரு முறை தொட்டால் போதும். கேபிள்களைச் செருகும் கட்டம் வந்ததும் பிளக்கைக் கழற்றிவிடுங்கள்.

எல்லாவற்றையும் கேபினட்டுக்கு வெளியே மாட்டி ஓட்டிப் பார்த்துவிட்டு, பிறகுதான் உள்ளே ஏற்ற வேண்டும். அவசரத்தில் இதைத் தாண்டிப் போகாதீர்கள். ஏதாவது ஓடவில்லை என்றால் வெளியே வைத்துக் கண்டுபிடிப்பது ஐந்து நிமிட வேலை. உள்ளே ஏற்றிய பிறகு என்றால் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும்.

போர்டு, பிராசசர், கூலர்

மதர்போர்டை அது வந்த அட்டைப் பெட்டியின் மேலேயே வையுங்கள். சாக்கெட்டின் பக்கத்தில் உள்ள கம்பியை லேசாக வெளியே தள்ளி மேலே தூக்குங்கள். பிராசசரை ஓரத்தில் மட்டும் பிடியுங்கள், ஏஎம்4இல் பின்கள் பிராசசரின் அடியில் இருக்கின்றன. ஒரு மூலையில் சின்னத் தங்க முக்கோணம் இருக்கும், சாக்கெட்டிலும் அதே முக்கோணம் இருக்கும். இரண்டையும் ஒரே மூலைக்குக் கொண்டுவந்து வைத்தால் பிராசசர் தன் எடையிலேயே இறங்கி உட்கார்ந்துவிடும். இங்கே அழுத்தவே கூடாது. உட்காரவில்லை என்றால் திசை தப்பு, அல்லது ஒரு பின் வளைந்திருக்கிறது. உட்கார்ந்ததும் கம்பியை இறக்கிப் பூட்டுங்கள். இன்டெலில் பின்கள் போர்டில் இருக்கும். சாக்கெட்டை மூடியிருக்கும் கறுப்புப் பிளாஸ்டிக்கைத் தூக்கிப் போடாதீர்கள், வாரண்டிக்குப் போர்டைத் திருப்பி அனுப்பும்போது கேட்பார்கள்.

5600ஜியோடு வரும் கூலருக்கு நான்கு ஸ்பிரிங் ஸ்க்ரூக்கள். போர்டில் சாக்கெட்டின் இரு பக்கமும் பிளாஸ்டிக் கொக்கிகள் இருக்கும். இந்தக் கூலருக்கு அவை தேவையில்லை, கழற்றிவிட வேண்டும். கழற்றும்போது போர்டின் பின்பக்கம் உள்ள இரும்புத் தகடு பிடிப்பு இல்லாமல் கீழே விழும். போர்டை நிமிர்த்தி, இடது கையால் பின்னால் தகட்டைப் பிடித்துக்கொண்டு கழற்றுங்கள். கூலர் ஸ்க்ரூக்கள் அந்தத் தகட்டில்தான் ஏறப் போகின்றன, அது இல்லாமல் மாட்ட முடியாது.

கூலரின் அடியில் சாம்பல் நிறத்தில் பேஸ்ட் தடவியே வரும், விரல் படக் கூடாது. நேராக இறக்கி, நான்கு ஸ்க்ரூவையும் முதலில் இரண்டு மூன்று சுற்று மட்டும் பிடிக்க வையுங்கள். பிறகு எதிரெதிர் மூலையாக மாற்றி மாற்றி இறுக்குங்கள். ஒரு பக்கத்தை மட்டும் முழுதாக இறுக்கினால் மறுபக்கம் தூக்கிக்கொள்ளும். ஸ்க்ரூ தானாக நிற்கும் இடத்தோடு விட்டுவிடுங்கள். ஃபேன் வயரை சிபியு ஃபேன் என்று எழுதியிருக்கும் இடத்தில் செருக மறக்காதீர்கள். பின்னொரு நாள் இந்தக் கூலரைக் கழற்ற நேர்ந்தால், கணினியைக் கொஞ்ச நேரம் ஓட்டிச் சூடாக்கி அணைத்துவிட்டு, லேசாகத் திருகி எடுங்கள். பேஸ்ட் இறுகியிருக்கும்போது நேராக இழுத்தால் பிராசசரும் சாக்கெட்டிலிருந்து பிய்த்துக்கொண்டு வந்துவிடும்.

ரேமின் அடியில் உள்ள வெட்டு நடுவில் இருக்காது, ஒரு பக்கம் தள்ளி இருக்கும். ஆகவே ஒரு திசையில்தான் இறங்கும். பொருத்திப் பார்த்து, இரண்டு முனையிலும் கட்டைவிரலால் அழுத்துங்கள். இங்கே தைரியமாக அழுத்த வேண்டும், போர்டு சற்று வளைவதுபோல இருந்தாலும் "டக்" என்று சத்தம் வரும்வரை விடாதீர்கள். நான்கு இடம் உள்ள போர்டில் பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது இடங்களில் போடுங்கள்.

எஸ்எஸ்டியைச் சாய்வாகச் செருகினால் முனை தூக்கிக்கொண்டு நிற்கும். அதைப் படுக்க வைத்து, போர்டோடு வரும் குட்டி ஸ்க்ரூவைப் போட வேண்டும். அந்த ஸ்க்ரூ தனியாக ஒரு சின்ன உறையில் இருக்கும், பெட்டியைத் தூக்கி ஓரமாக வைக்கும் முன் தேடி எடுத்துக்கொள்ளுங்கள்.

வெளியே வைத்து ஓட்டிப் பார்த்தல்

எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து இரண்டே கேபிள்: 24 பின் உள்ள பெரியது, பிராசசருக்கான 8 பின். இந்த 8 பின் நான்கு நான்காகப் பிரியும். கிராபிக்ஸ் கார்டுக்கான 8 பின்னும் இதைப் போலவே இருக்கும், ஆனால் அது ஆறு, இரண்டாகப் பிரியும். அதை இங்கே திணிக்கக் கூடாது. மானிட்டரின் எச்டிஎம்ஐ கேபிளைப் போர்டில் செருகுங்கள். கீபோர்டு ஒன்று. பிறகு பவர் கொடுங்கள்.

இப்போது பவர் பட்டன் இல்லை. போர்டின் கீழ் ஓரத்தில் 9 பின்கள் கொண்ட ஒரு கூட்டம் இருக்கும், அதில் பவர் ஸ்விட்ச் எந்த இரண்டு என்று போர்டின் கையேட்டில் படமே போட்டிருப்பார்கள். ஸ்க்ரூ டிரைவர் நுனியால் அந்த இரண்டையும் ஒரு கணம் சேர்த்துத் தொடுங்கள். சில வோல்ட்தான், ஷாக் அடிக்காது. ஃபேன் சுற்றும். முதல் முறை ரேமைப் பழக்கிக்கொள்ளச் சற்று நேரம் எடுக்கும், ஓரிரு முறை தானாக அணைந்து மறுபடி ஏறவும் செய்யலாம். பொறுங்கள். நிறுவனத்தின் பெயர் திரையில் வந்துவிட்டால் பெரிய கண்டம் தாண்டியாயிற்று.

ஃபேன் சுற்றுகிறது, திரை வரவில்லை என்றால் பத்தில் பல முறை ரேம்தான். கழற்றி, தங்கப் பல்வரிசையைப் பென்சில் அழிக்கும் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகளை ஊதிவிட்டு மறுபடி அழுத்திப் போடுங்கள். ஒரு குச்சியை மட்டும் வைத்தும் பாருங்கள். அப்போதும் இல்லையென்றால் 8 பின் கேபிள் சரியாக உட்கார்ந்திருக்கிறதா பாருங்கள். பவரைத் துண்டித்து, போர்டில் உள்ள வட்ட பேட்டரியைச் சில நிமிடம் கழற்றி வைத்துப் போட்டால் பயாஸ் செட்டிங் பழைய நிலைக்குத் திரும்பும், அதையும் முயலுங்கள். பல போர்டுகளில் பிராசசர், ரேம், திரை என்று தனித்தனியாகச் சின்ன விளக்குகள் இருக்கும். எது எரிந்தபடி நிற்கிறதோ அங்கேதான் சிக்கல்.

கேபினட்டுக்குள் ஏற்றுதல்

முதலில் ஐஓ ஷீல்டு, அதாவது பின்பக்க ஓட்டைகள் உள்ள மெல்லிய தகடு. போர்டை ஏற்றிய பிறகு இது ஞாபகம் வந்தால் எல்லாவற்றையும் கழற்ற வேண்டியதுதான். நான்கு மூலையும் "டக் டக்" என்று உட்கார வேண்டும். தகட்டின் ஓரம் கையைக் கிழிக்கும், ஜாக்கிரதை.

அடுத்து ஸ்டாண்ட்ஆஃப் என்னும் பித்தளைக் கால்கள். போர்டில் எத்தனை ஓட்டையோ அத்தனை கால்கள், அதே இடத்தில் இருக்க வேண்டும். சின்ன போர்டைப் பெரிய கேபினட்டில் போடும்போது ஓட்டை இல்லாத இடத்தில் ஒரு கால் மிச்சம் நிற்கலாம். அது போர்டின் பின்னால் முட்டி ஷார்ட் ஆக்கிவிடும், ஆகவே கழற்றிவிடுங்கள். போர்டை இறக்குவதற்கு முன்பே 8 பின் கேபிளை மேல் மூலை வழியாக வெளியே இழுத்து வைத்துக்கொண்டால் பிறகு கை நுழையாமல் தவிக்க வேண்டாம். போர்டை இறக்கும்போது ஷீல்டின் சின்ன நாக்குகள் யுஎஸ்பி, லேன் ஓட்டைக்குள் மடங்கிப் போகின்றனவா என்று பின்பக்கம் ஒரு பார்வை பாருங்கள்.

முன்பக்கப் பட்டன் வயர்களில் பவருக்கும் ரீசெட்டுக்கும் பிளஸ் மைனஸ் கிடையாது. விளக்கு வயர்களுக்கு மட்டும் உண்டு, மாற்றிப் போட்டால் எரியாது, அவ்வளவுதான், கெட்டுப்போகாது. முன்பக்க யுஎஸ்பி 3 கேபிளில்தான் கவனம் வேண்டும். தடிமனான அந்தப் பிளக்கைச் சாய்த்துச் செருகினால் போர்டின் பின்கள் வளைந்துவிடும்.

கார்டு போடும் இடங்களின் பின்பக்கத் தகடுகளை உடைத்து எடுக்காதீர்கள். பல்லி உள்ளே போக அந்த இடைவெளி போதும். எஸ்எம்பிஎஸ் சூட்டுக்கு அது போய் ஒண்டிக்கொண்டால் பல்லியும் போகும், எஸ்எம்பிஎஸ்ஸும் போகும்.

பயாஸ், விண்டோஸ் அல்லது லினக்ஸ், தமிழ்

பவர் போட்டதும் டெலீட் பொத்தானைத் தட்டிக்கொண்டே இருந்தால் பயாஸ் திறக்கும். 16 ஜிபியும் காட்டுகிறதா பாருங்கள். ரேமின் வேகம் 2400, 2666 என்று காட்டினால் எக்ஸ்எம்பி அல்லது டிஓசிபி என்பதை ஆன் செய்யுங்கள், 3200க்கு ஏறும். இதைச் செய்யாமல் வருடக்கணக்கில் குறைந்த வேகத்திலேயே ஓட்டுகிறவர்கள் நிறையப் பேர். விண்டோஸ் 11 போடுவதாக இருந்தால் எஃப்டிபிஎம் என்ற பாதுகாப்பு வசதி ஆனாக இருக்க வேண்டும்.

விண்டோஸை மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்தே இறக்கி, 8 ஜிபி பென்டிரைவில் ஏற்றிக்கொள்ளலாம். நிறுவும்போது இன்டர்நெட் கேட்கும். போர்டின் லேன் டிரைவர் இல்லாமல் அங்கேயே நின்றுவிட்டால், போனை யுஎஸ்பியில் இணைத்து டெதரிங் போடுங்கள், பெரும்பாலும் வேலை செய்யும். கிராக் போட்ட விண்டோஸை யார் இலவசமாகத் தந்தாலும் வேண்டாம். இந்தக் கணினியில்தான் நாளை பேங்க் பாஸ்வேர்டு அடிக்கப் போகிறீர்கள். லைசென்ஸுக்குப் பணம் இல்லை என்றால் லினக்ஸ் மின்ட் போடுங்கள். இலவசம், விண்டோஸ் பழகியவர்களுக்கு ஒரு வாரத்தில் கைவந்துவிடும். டேலியோ குறிப்பிட்ட கேமோ கட்டாயம் என்றால் மட்டும் விண்டோஸ்.

தமிழில் தட்டச்ச, விண்டோஸ் 11இல் மொழிப் பட்டியலில் தமிழைச் சேர்த்தால் தமிழ்99 விசைப்பலகை உள்ளேயே இருக்கிறது. 1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஏற்ற தளவமைப்பு அது. மின்ட்டில் ஐபஸ் என்ற தட்டச்சு மென்பொருள் வழியாகத் தமிழ்99, ஒலிபெயர்ப்பு முறை இரண்டும் கிடைக்கும். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் தமிழ்99ஐயே பழக்குங்கள். உயிரெழுத்து இடது கையில், மெய்யெழுத்து வலது கையில் என்று இருப்பதால் சீக்கிரம் பிடிபடும்.

நிறுவியதும் இரண்டு சோதனைகள். கிரிஸ்டல் டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருளைப் போட்டு எஸ்எஸ்டி எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று பாருங்கள். புதியது என்றால் விரல்விட்டு எண்ணும் அளவுதான் இருக்க வேண்டும். நூற்றுக்கணக்கில் இருந்தால் யாரோ பயன்படுத்தியதை உங்களிடம் விற்றிருக்கிறார்கள், பில்லோடு கடைக்குப் போங்கள். அடுத்து ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86ஐ ஓர் இரவு ஓட விடுங்கள். ஒரு பிழை வந்தால்கூட ரேமை மாற்றித் தரச் சொல்ல வேண்டும்.

கரண்ட், சூடு, தூசு

கேபினட்டின் உலோகத்தைத் தொட்டால் "சுர்" என்று இழுக்கிறதா? வீட்டில் எர்த் இல்லை என்று அர்த்தம். எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இருக்கும் ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் வழியே மிகச் சிறிய மின்சாரம் கேபினட்டின் உலோகத்துக்கு வரத்தான் செய்யும். எர்த் இருந்தால் அது மண்ணுக்குப் போய்விடும், இல்லையென்றால் உங்கள் வழியாகப் போகும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுச் சரி செய்த பிறகே ஓட்டுங்கள். மூன்று பின் பிளக்கின் பெரிய பின்னை உடைத்துவிட்டு இரண்டு பின்னில் செருகும் பழக்கம் வேண்டவே வேண்டாம்.

600 விஏ யுபிஎஸ் ஒன்று இந்தக் கணினிக்கும் மானிட்டருக்கும் போதும், சேமித்துவிட்டு அணைக்க நேரம் கிடைக்கும். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்து, கரண்ட் போகும்போதெல்லாம் கணினி ரீஸ்டார்ட் ஆகிறது என்றால், இன்வெர்ட்டரின் பின்னால் யுபிஎஸ் மோடு என்று ஒரு ஸ்விட்ச் இருக்கிறதா பாருங்கள். அதைப் போட்டால் சீக்கிரம் மாறிக்கொள்ளும். இடி இடிக்கும்போது பிளக்கை மட்டுமில்லாமல் லேன் கேபிளையும் பிடுங்கிவிடுங்கள். மின்னல் அந்த வழியாகவும் வரும்.

சித்திரை, வைகாசி வெயிலில் கணினி சும்மா இருக்கும்போதே பிராசசர் 45, 50 டிகிரி காட்டினால் பதற வேண்டாம். இதன் உச்ச வரம்பு 95. வேலை செய்யும்போது 80ஐ ஒட்டிப் போனாலும் பரவாயில்லை, 90ஐத் தொட்டுக்கொண்டே இருந்தால் கூலர் சரியாக உட்காரவில்லை அல்லது தூசு அடைத்திருக்கிறது. கேபினட்டைத் தரையில் வைக்காமல் ஒரு பலகை மேல் வையுங்கள், பெருக்கும்போது கிளம்பும் தூசு நேராக உள்ளே போகாது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை பிளக்கைப் பிடுங்கி, வாசலுக்கோ மொட்டை மாடிக்கோ தூக்கிக்கொண்டு போய் பிளோயரால் ஊதுங்கள். ஊதும்போது ஃபேன் இதழை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், காற்றின் வேகத்தில் தாறுமாறாகச் சுற்றவிட்டால் பேரிங் போய்விடும். எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரம் தங்கியிருக்கும். வெளியிலிருந்து ஊதினால் போதும்.